கேட்கத் தெரிந்த ஊர்

மாணவர் பாட்காஸ்ட்: பூந்தமல்லியிலிருந்து ஒரு வேண்டுகோள்

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் நின்று ஒருவரோடு பேச வேண்டுமென்றால் குரலை உயர்த்தித்தான் ஆகவேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பும் மாநகரப் பேருந்துகள், குமணன்சாவடியில் ஆள் ஏற்றும் ஷேர் ஆட்டோக்கள், பெங்களூரு பக்கம் விரையும் லாரிகள். கலங்கரை விளக்கத்திலிருந்து இந்த ஊர்வரை 26 கிலோமீட்டர் நீளும் மெட்ரோ வழித்தடத்தின் தூண்களில் பட்டு இன்ஜின் சத்தம் இரட்டிப்பாகக் கேட்கிறது. மைக்கும் ஹெட்போனும் வாங்கி வைத்திருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர், 'இந்த ஊரில் எங்கே உட்கார்ந்து பாட்காஸ்ட் பதிவு செய்வது?' என்று சலித்துக்கொண்டால் அதில் நியாயம் இருக்கிறது.

சென்னையின் மேற்கு விளிம்பில் இருக்கும் இதே ஊருக்கு இன்னொரு முகமும் உண்டு. பார்வைத்திறன் குறையுடையோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இங்கேதான் இருக்கிறது. டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட, பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் 1988 முதல் இங்கே இயங்குகிறது. பாடநூல்களைப் புள்ளி எழுத்தில் அச்சிடும் பிரெயில் அச்சகமும் இந்த ஊரில் உண்டு. காதால் பாடம் படித்து, காதாலேயே பரீட்சைக்குத் தயாராகி, குரலை வைத்து ஆளை அடையாளம் கண்டுகொள்ளும் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக நடமாடும் வீதிகள் இவை.

இந்த வீதிகளைச் சுற்றி நசரத்பேட்டை, தண்டலம், வேலப்பன்சாவடி, திருவேற்காடு, ஆவடி என்று எந்தப் பக்கம் போனாலும் கல்லூரிகள். அங்கே படிக்கிறவர்களில் கையில் போன் இல்லாதவர் அநேகமாக யாரும் இல்லை. பாட்காஸ்ட் தொடங்கும் ஆசை உள்ளவர்கள் நிறையவே இருக்கிறார்கள். இரண்டு தரப்பும் தினமும் ஒரே பஸ்ஸில் பயணம் செய்கின்றன. ஒரே மைக்கின் முன் உட்கார்ந்தால் இரண்டு தரப்புக்கும் எவ்வளவு கிடைக்கும் என்பதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை. பாட்காஸ்ட்டுக்கு முதல் தேவை நல்ல காது. அந்தக் காதைப் பழக்கித் தரக்கூடியவர்கள் பூந்தமல்லியில் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார்கள்.

நீளமான பேச்சைப் பதிந்தது யாருக்காக?

மணிக்கணக்கில் நீளும் பேச்சைப் பதிவு செய்து, வீட்டில் உட்கார்ந்து கேட்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? முதல் உலகப்போரில் பார்வை இழந்து ஊர் திரும்பிய வீரர்களிடமிருந்து அதைத் தொடங்க வேண்டும். பிரெயில் எழுத்தைச் சிறு வயதில் பழகுவது எளிது. வளர்ந்த பிறகு பார்வை போனவர்கள் பலருக்கு விரலால் வாசிப்பது கடைசிவரை கைவரவில்லை. அவர்களுக்குப் புத்தகம் போய்ச் சேர வேறு வழி தேவைப்பட்டது. அதே போரில் பார்வை இழந்த இயன் பிரேசர் என்ற ராணுவ அதிகாரி இதற்காகப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர்.

அன்றைய சாதாரண இசைத்தட்டு ஒரு பக்கத்துக்கு நாலைந்து நிமிடம்தான் ஓடும். அதில் ஒரு நாவலைப் பதிந்தால் தட்டுகளை அடுக்கவே தனி அலமாரி வேண்டும். ஆகவே மெதுவாகச் சுழலும், ஒரு பக்கத்துக்கு 25 நிமிடம் பேசும் தட்டை உருவாக்கினார்கள். 1935 நவம்பரில் பிரிட்டனில் 'பேசும் புத்தகம்' பார்வையற்றோரின் வீடுகளுக்குப் போகத் தொடங்கியது. முதலில் போனவற்றில் அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவலும் ஒன்று. அமெரிக்காவில் அதற்கு ஓராண்டு முன்பே இந்த வேலை தொடங்கிவிட்டது. இசை ரசிகர்களுக்கான எல்பி தட்டு கடைக்கு வந்தது 1948-ல்தான். நீண்ட பதிவு என்ற வசதியை உலகம் பாட்டுக்காகக் கண்டுகொள்வதற்குப் பத்தாண்டுகளுக்கும் மேலாக முன்னரே, பார்வையற்ற வாசகர்களின் தேவை அதைச் சாத்தியமாக்கிவிட்டது.

அடுத்த பெரிய பாய்ச்சலும் அவர்களால்தான். கேசட்டில் 300 பக்கப் புத்தகத்தைப் பதிந்தால், நான்காம் அத்தியாயம் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் பாதி நாள் போய்விடும். இதைத் தீர்க்க 1996-ல் பல நாட்டு நூலகங்கள் சேர்ந்து 'டெய்சி' என்ற கூட்டமைப்பை உருவாக்கின. பதிந்த குரலுக்குள் அத்தியாயம், தலைப்பு, பக்கம் என்று குறி வைத்து, வேண்டிய இடத்துக்கு நேரே தாவும் முறை அது. இன்றைக்குப் பாட்காஸ்ட் செயலியில் 'சாப்டர்' என்று பார்க்கிறோமே, அதே தேவைக்கு அன்றே கிடைத்த விடை.

ஒரு மாணவர் தன் முதல் எபிசோடைப் பதிவு செய்யும்போது இந்த மரபில்தான் வந்து சேர்கிறார். அதைத் தெரிந்துகொண்டு சேர்வது நல்லது.

சென்னைக்குப் பழைய பழக்கம்

குரலைக் காற்றில் அனுப்புவதில் சென்னை இந்தியாவின் முன்னோடி நகரங்களில் ஒன்று. 1924 மே மாதம் சி.வி.கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் 'மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்'பைத் தொடங்கினார்கள். ஜூலை 31-ல் ஒலிபரப்பு ஆரம்பமானது. எல்லாரும் ஆர்வலர்கள். பணம் தீர்ந்து 1927-ல் மூட வேண்டி வந்தபோது, டிரான்ஸ்மிட்டரைச் சென்னை மாநகராட்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். மாநகராட்சி 1930-ல் அதைத் திரும்ப ஒலிக்கச் செய்தது. 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது.

அதன்பிறகு வெகுகாலம் காற்றலை அரசின் கையில் மட்டுமே இருந்தது. 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், காற்றலைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. 2002 டிசம்பரில் கல்வி நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்தலாம் என்று மத்திய அரசு அனுமதித்தது. 2004 பிப்ரவரி 1-ம் தேதி, அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 90.4 மெகாஹெர்ட்ஸில் 'அண்ணா எஃப்எம்' ஒலித்தது. இந்தியாவின் முதல் வளாக சமுதாய வானொலி அதுதான். மாணவர்கள் மைக் பிடித்தார்கள், சுற்றியிருந்த குடியிருப்புகளின் பெண்கள் நிகழ்ச்சி தயாரிக்கப் பழகினார்கள்.

அதே 2004 பிப்ரவரியில்தான் லண்டனின் 'கார்டியன்' நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி என்ற பத்திரிகையாளர், இணையத்தில் குரல்பதிவுகளை வெளியிடும் புதுப்பழக்கத்தைப் பற்றி எழுதி, அதற்குப் 'பாட்காஸ்டிங்' என்ற பெயரையும் முன்வைத்தார். 2005 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸில் பாட்காஸ்ட்டுக்கு இடம் கொடுத்தது. அதற்குப்பின் பாட்காஸ்ட் தனித்தொழிலாகவே வளர்ந்துவிட்டது.

சமுதாய வானொலிக்கு உரிமம், கோபுரம், டிரான்ஸ்மிட்டர் எல்லாம் வேண்டும். அனுமதிக்கப்பட்ட சக்தி குறைவு என்பதால் அலை எட்டுவதும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான். பாட்காஸ்ட்டுக்கு இவை எதுவுமே தேவையில்லை. போன், அமைதியான அறை, கேட்டுத் திருத்தும் பொறுமை இவ்வளவும் இருந்தால் பூந்தமல்லியில் பேசியதைக் கோலாலம்பூரில் கேட்கலாம். தீபிகா அருணின் 'கதை ஓசை' தமிழ் நாவல்களையும் சிறுகதைகளையும் உலகெங்கும் உள்ள தமிழர் காதுக்குக் கொண்டுபோனது இந்த வழியில்தான்.

ஃபேனை நிறுத்துங்கள்

பதிவில் கோட்டைவிட்டதை எடிட்டிங்கில் மீட்க முடியாது. மாணவர்கள் முதலில் மனதில் வாங்க வேண்டியது இதைத்தான். விலை உயர்ந்த மைக்கைவிட அறைதான் முக்கியம்.

வெறும் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள ஹாலில் பேசினால் குரல் சுவரில் பட்டுத் திரும்பி மைக்குக்குள் இரண்டாம் முறை நுழையும். அந்த எதிரொலியை எந்த மென்பொருளாலும் முழுதாக நீக்க முடியாது. படுக்கையறைதான் நல்லது. மெத்தை, தலையணை, கொடியில் தொங்கும் துணி எல்லாம் ஒலியை உறிஞ்சும். துணி அலமாரியின் கதவைத் திறந்து வைத்து, அதைப் பார்த்து உட்கார்ந்து பேசினால் பதிவு இன்னும் சுத்தமாக வரும். ஜன்னலில் கனத்த போர்வையைத் தொங்கவிட்டால் டிரங்க் ரோடு கொஞ்சம் தள்ளிப்போகும்.

அடுத்தது சீலிங் ஃபேன். மேற்குச் சென்னையின் வெயிலில் ஃபேனை நிறுத்துவது சின்ன தியாகமில்லை. ஆனால், ஃபேன் காற்று மைக்கில் படும் இரைச்சல் ஒவ்வொரு சொல்லோடும் ஒட்டிக்கொள்ளும். பத்து நிமிடம் பேசுவது, ஃபேனைப் போட்டு வேர்வை ஆறுவது, மறுபடியும் பத்து நிமிடம் என்று துண்டு துண்டாகப் பதிவு செய்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். பிரிட்ஜ் பக்கத்து அறையில் இருந்தால் அதன் கம்ப்ரஸர் ஓடுவதையும் கவனிக்க வேண்டும். மனிதக் காது அதைப் பழகிக் கேளாமல் விட்டுவிடும். மைக் விடாது.

மைக்குக்கும் வாய்க்கும் இடையே ஒரு சாண் இருக்கட்டும். நேராகப் பேசாமல் கொஞ்சம் ஒதுங்கிப் பேசினால், 'ப' என்று தொடங்கும் சொற்களில் மூச்சுக்காற்று மோதி 'டுப்' என்று வெடிக்காது. போனில் பதிவு செய்வதானால் ஏரோபிளேன் மோடில் போடுவது கட்டாயம். இல்லாவிட்டால் நல்ல இடத்தில் அழைப்பு வந்து பதிவைக் கெடுக்கும். எம்பி3-யாகப் பதியாமல் 'வேவ்' வடிவத்தில், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் அளவில், மோனோவாகப் பதிய வேண்டும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 எம்பி பிடிக்கும். அரை மணி நேரப் பேட்டி 160 எம்பி வரும். இடம் போனாலும் தரம் நிற்கும். கடைசியில் வெளியிடும்போது 64 கேபிபிஎஸ் மோனோ எம்பி3-யாக மாற்றினால் அதே அரை மணி நேரம் 15 எம்பிக்குள் அடங்கிவிடும். டேட்டாவை எண்ணிச் செலவழிக்கும் நேயருக்கு அது பெரிய உதவி.

பேச்சு முடிந்ததும் உடனே நிறுத்தக் கூடாது. யாரும் பேசாமல், அசையாமல், அரை நிமிடம் அறையின் மௌனத்தையும் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் தனி மௌனம் உண்டு. வெட்டி ஒட்டும் இடங்களை மூடுவதற்கு அதுதான் கைகொடுக்கும்.

ஊரின் சத்தம் முழுக்க எதிரியும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் ஊர்ப்பெயர் சொல்லிக் கூவுவது, பூக்கடையில் விலை பேசுவது, கோயில் மணி, பள்ளிவாசலின் பாங்கு, மெட்ரோ வேலையின் இயந்திர ஓசை எல்லாவற்றையும் தனித்தனியாக ஒரு நிமிடம் பதிந்து வைத்துக்கொள்ளலாம். பேச்சுக்கு அடியில் தேவையான இடத்தில் மெல்லக் கொண்டுவந்தால், கேட்கிறவர் பூந்தமல்லியில் நிற்பார். குரல் சுத்தமாகவும் ஊர் தனியாகவும் பதிவானால்தான் இது முடியும்.

மூன்று 'வந்து'

எடிட்டிங் மேஜைக்கு வருவோம். இலவசமாகக் கிடைக்கும் 'ஆடாசிட்டி' மென்பொருளே போதும். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மஸ்ஸோனி, ரோஜர் டானன்பர்க் இருவரும் தொடங்கி, 2000-ல் வெளியிட்டது அது. மாணவர் கையில் பிறந்த கருவி, மாணவர்களுக்கு இன்றும் உதவுகிறது.

பூ கட்டும் அம்மா ஒருவரைப் பேட்டி எடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் இப்படிப் பேசுகிறார்: "நான் வந்து, இங்க வந்து இருபது வருஷமா வந்து, பூதான் கட்டிட்டு இருக்கேன் தம்பி." மூன்று 'வந்து' இருக்கிறது. புதிதாக எடிட்டிங் பழகும் மாணவர் மூன்றையும் வெட்டிவிடத் துடிப்பார். நிதானமாகக் கேட்டால் நடுவில் இருப்பது அசைச்சொல் இல்லை என்று தெரியும். இந்த ஊருக்கு அவர் குடிவந்த கதை அதில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் வரலாறே போச்சு. மூன்றாவதை எடுக்கலாம். முதலாவதை? அது அவர் பேச்சைத் தொடங்கும் விதம். யோசிக்க எடுத்துக்கொண்ட அரை நொடி அதில் தெரிகிறது. வைத்துக்கொண்டால் மனிதர் தெரிவார், எடுத்தால் செய்தி மட்டும் மிஞ்சும். நான் வைத்துக்கொள்வேன். எடிட்டிங் என்பது இப்படி ஒவ்வொரு அரை நொடியிலும் எடுக்கும் முடிவு.

எங்கே வெட்டுவது என்பதில் தமிழுக்கென்று ஒரு நுட்பம் இருக்கிறது. பேச்சுத்தமிழில் சொல்லும் சொல்லும் பின்னிக்கொள்ளும். 'வந்துட்டேன்னு சொன்னாரு' என்பதில் இடைவெளியே இல்லை. உயிர் ஒலி நீண்டு ஓடும் இடத்தில் கத்தி வைத்தால் ஒட்டு பளிச்சென்று தெரியும். க, ட, த, ப போன்ற வல்லினம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் உதடோ நாக்கோ மூடி, ஒலி ஒரு கணம் நிற்கும். அங்கே வெட்டினால் காதுக்குத் தெரியாது. அப்போதும் 'டிக்' என்று ஒரு சொடுக்கு கேட்டால், அலை மேலே அல்லது கீழே இருக்கும்போது வெட்டுப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஆடாசிட்டியில் 'இசட்' விசையை அழுத்தினால், தேர்ந்தெடுத்த பகுதியின் இரு முனைகளும் அலை பூஜ்யத்தைக் கடக்கும் புள்ளிக்கு நகர்ந்துவிடும். சொடுக்கு போய்விடும்.

மௌனத்தைத் தானாகவே சுருக்கும் வசதி பல செயலிகளில் உண்டு. தமிழில் அதை அளவோடு பயன்படுத்த வேண்டும். 'பட்டு', 'பத்து', 'அக்கா', 'அப்பா' போன்ற சொற்களுக்கு உள்ளேயே, ஒற்று நிற்கும் இடத்தில், ஐந்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவான மெய்யான மௌனம் இருக்கிறது. சுருக்கும் வரம்பை மிகக் குறைவாக வைத்தால் மென்பொருள் அதையும் தின்றுவிடும். ஒற்று கரைந்து, சொல் மழுங்கும். அரை நொடிக்கும் மேலான மௌனங்களை மட்டும் தொடும்படி வைப்பது பாதுகாப்பு.

இரைச்சல் நீக்கமும் அப்படித்தான். முதலில் அறையின் மௌனத்தை மாதிரியாகக் காட்டி, பிறகு முழுப் பதிவிலும் 6 முதல் 12 டெசிபல் வரை குறைத்தால் போதும். அதற்குமேல் போனால் பேசுகிறவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். ஒலியளவு கடைசி வேலை. மோனோ பதிவுக்கு மைனஸ் 19, ஸ்டீரியோவுக்கு மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் ஒலியளவின் அலகு) என்பது பாட்காஸ்ட் உலகில் பரவலாகப் பின்பற்றும் அளவு. பேட்டி கண்டவர் குரல் ஓங்கியும் பேசியவர் குரல் தாழ்ந்தும் இருந்தால், ஓடும் பஸ்ஸில் கேட்கிற நேயர் ஒவ்வொரு கேள்விக்கும் வால்யூமைத் திருக வேண்டியிருக்கும். இரண்டாவது கேள்வியிலேயே நிறுத்திவிடுவார்.

திரையைப் பார்க்காமல் எடிட்டிங்

கல்லூரி மாணவர்கள் பலர் அறியாத ஒன்று இருக்கிறது. மேலே சொன்ன அத்தனை வேலையையும் திரையைப் பார்க்காமலே செய்யலாம். பார்வையற்ற ஒலிப்பொறியாளர்கள் உலகெங்கும் அப்படித்தான் செய்கிறார்கள்.

திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒரு காலத்தில் நடுத்தரக் குடும்பம் நினைத்துப் பார்க்க முடியாத விலையில் இருந்தது. 2006-ல் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர், இலவசமாகத் தருவதற்கென்றே 'என்விடிஏ' என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார். அவருடைய நண்பரும் பார்வையற்றவருமான ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இன்று அது தமிழையும் வாசிக்கிறது. ஆடாசிட்டியோடும் சேர்ந்து இயங்குகிறது. ஸ்பேஸ் பட்டன் ஓட்டும், நிறுத்தும். ஓடும்போதே சதுர அடைப்புக்குறி விசைகளில் ஒன்றை அழுத்தினால் வெட்டின் தொடக்கம், மற்றொன்றை அழுத்தினால் முடிவு. 'சி' விசையை அழுத்தினால், வெட்டியபின் எப்படிக் கேட்கும் என்று முன்கூட்டியே ஒலித்துக் காட்டும். திருப்தி என்றால் டெலீட். மவுஸே தேவையில்லை.

பார்வையுள்ள மாணவர் பெரும்பாலும் அலைவடிவத்தைப் பார்த்து வெட்டுகிறார். மேடு தெரிந்தால் பேச்சு, பள்ளம் தெரிந்தால் மௌனம் என்று கண்ணால் முடிவு செய்கிறார். மூச்சை இழுக்கும் ஒலி பள்ளத்தில்தான் இருக்கும். தயக்கமும், அழுகையை விழுங்கும் சிறு ஓசையும் அங்கேதான் இருக்கும். கண் அதை வெற்றிடம் என்று தள்ளிவிடும். காது தள்ளாது. காதால் மட்டுமே வெட்டுகிறவரின் வேலையில் அந்த மூச்சுகள் உயிரோடு இருக்கும். ஹெட்போனை மாட்டி, திரையை அணைத்துவிட்டு, தன் பதிவை ஒருமுறை முழுதாகக் கேட்டுப் பார்க்கும் எந்த மாணவருக்கும் இது புரியும்.

இன்னொரு பாடமும் உண்டு. திரைவாசிப்பான் பழகியவர்கள் சாதாரணப் பேச்சைவிட இரண்டு, மூன்று மடங்கு வேகத்தில் கேட்கிறார்கள். அவர்களைப் போன்ற நேயருக்கு வளவளப்பு உடனே தெரியும். உச்சரிப்பில் 'ல, ள, ழ' மங்கினால் வேகத்தில் சொல்லே மாறிவிடும். அந்தக் காதைத் திருப்திப்படுத்திய பதிவு யார் காதிலும் நிற்கும்.

சட்டம் வழிவிடுகிறது

மாணவர்கள் தயங்கும் இடம், 'அடுத்தவர் புத்தகத்தை வாசித்துப் பதியலாமா?' என்பது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் செய்த திருத்தம் இதற்கு வழிவிட்டிருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் படிக்க, ஆராய, சொந்தமாகப் பயன்படுத்த உதவும் வடிவத்தில் ஒரு நூலைப் பிரதி எடுப்பதும் அவர்களோடு பகிர்வதும் உரிமை மீறல் ஆகாது. லாப நோக்கில்லாத அமைப்புகளும் இதைச் செய்யலாம். பார்வையற்றோருக்கான நூல்களை நாடு கடந்து பகிர வகைசெய்யும் மராகேஷ் உடன்படிக்கை 2013-ல் ஏற்கப்பட்டபோது, உலகில் முதலாவதாக அதை உறுதிசெய்த நாடு இந்தியாதான். 2016 ஆகஸ்டில் 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகமும் தொடங்கியது.

இந்த விலக்கு மாற்றுத்திறனாளி வாசகருக்கானது. அதே பதிவை எல்லோரும் கேட்கும் பாட்காஸ்ட்டாகப் போட அனுமதி வேண்டும். அனுமதி வேண்டாத நூல்கள் தமிழில் ஏராளம். எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு முடிந்த நூல்கள் பொதுவுடைமை. தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் இன்னொரு பெரிய செல்வம். கல்கியின் எழுத்துகள் 1999-ல் இப்படி மக்களுக்கு வந்தன. இந்த வழக்கத்தின் தொடக்கத்திலேயே ஒலி இருக்கிறது. பாரதியார் பாடல்களின் ஒலிபரப்பு, இசைத்தட்டு உரிமை ஏவி.மெய்யப்ப செட்டியாரிடம் இருந்தது. 1949-ல் அது சென்னை மாகாண அரசுக்கு வந்து, பிறகு பாரதி எல்லார்க்கும் பொதுவானார். பாரதியை இன்று எந்த மாணவரும் மைக் முன் நின்று வாசிக்கலாம்.

சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடுவது மட்டும் கூடாது. அதற்கு யாரும் விலக்குத் தரவில்லை.

இந்த செமஸ்டரே தொடங்கலாம்

பூந்தமல்லியைச் சுற்றியுள்ள கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும், காட்சித் தொடர்பியல் மாணவர்களும், தமிழ்த்துறை மாணவர்களும் இரண்டு வேலைகளைக் கையில் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, பாடங்களைப் பதிவு செய்து தருவது. போட்டித் தேர்வுக்குத் தயாராகும் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கு வாசித்துக் காட்ட ஆள் கிடைப்பது எப்போதும் கஷ்டம். சென்னையைச் சேர்ந்த பெனோ செபைன் 2015-ல், முழுப் பார்வையிழப்புள்ள முதல் இந்திய வெளியுறவுப் பணி அதிகாரியானபோது, அம்மா மணிக்கணக்கில் வாசித்துக் காட்டியதை நன்றியோடு சொன்னார். மதுரையின் பூர்ண சுந்தரி 2019-ம் ஆண்டுக் குடிமைப் பணித் தேர்வில் 286-வது இடம் பிடித்ததற்குப் பின்னாலும் பெற்றோரும் நண்பர்களும் கொடுத்த குரல் இருந்தது. வாசிக்கும் அம்மா எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. ஒரு வகுப்பு மாணவர்கள் ஆளுக்கு ஓர் அத்தியாயம் பிரித்துக்கொண்டால், ஒரு புத்தகம் ஒரே வாரத்தில் குரலாகிவிடும். வரைபடமும் அட்டவணையும் வரும் இடத்தில் 'படம் பார்க்க' என்று தாண்டிப்போகாமல், படத்தில் இருப்பதைச் சொல்லால் விவரிக்க வேண்டும். இதைவிட நல்ல மொழிப்பயிற்சி வகுப்பறையில் கிடைக்காது.

இரண்டாவது, சேர்ந்து தயாரிப்பது. பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்கள் உதவி பெறுகிறவர்களாக மட்டும் நின்றுவிடக் கூடாது. அவர்கள் பேட்டி காணட்டும், வெட்டட்டும், முடிவு சொல்லட்டும். இந்த ஊரைப் பற்றி அவர்கள் சொல்வதற்கு நிறைய உண்டு. டிரங்க் ரோட்டைக் கடப்பது எப்படி இருக்கிறது, எந்தப் பஸ் எங்கே நிற்கிறது என்று குரல் இல்லாமல் எப்படித் தெரிந்துகொள்வது, புது மெட்ரோ நிலையத்தின் அறிவிப்பு காதில் தெளிவாக விழுகிறதா? இவை நகரத்தைத் திட்டமிடுகிறவர்கள் கேட்க வேண்டிய எபிசோடுகள். பள்ளிப் பிள்ளைகளோடு பதிவு என்றால் தலைமை ஆசிரியரின் அனுமதியும் பெற்றோரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். பிள்ளைகளின் பெயரையும் வீட்டு விவரத்தையும் தவிர்க்க வேண்டும்.

முதல் எபிசோடுக்கு முன்

• ஒரே பொருள், பதினைந்து நிமிடம். அதற்குமேல் முதல் முயற்சியில் வேண்டாம்.
• கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு, பதிலைக் கேட்டபின் அடுத்த கேள்வியை முடிவு செய்யுங்கள்.
• பேட்டி தருபவரின் சம்மதத்தைப் பதிவிலேயே வாங்குங்கள்.
• கோப்புக்குத் தேதியும் தலைப்பும் பெயராக இருக்கட்டும். இரண்டு இடத்தில் நகல் வையுங்கள்.
• எபிசோடோடு எழுத்து வடிவத்தையும் போடுங்கள். காது கேளாத வாசகருக்கும் அது போய்ச் சேரும்.
• வெளியிடும் முன் ஹெட்போனில் ஒருமுறை, போன் ஸ்பீக்கரில் ஒருமுறை முழுதாகக் கேளுங்கள்.

இந்தப் பட்டியலில் எதுவும் பணம் கேட்கவில்லை, நேரத்தையும் கவனத்தையும்தான் கேட்கிறது. பதினைந்து நிமிட எபிசோடை ஒழுங்காக வெட்டி முடிக்க ஒரு முழுநாள் போகலாம். அந்த ஒருநாளில் மாணவர் அடுத்தவர் பேச்சை எத்தனை முறை திரும்பக் கேட்டிருப்பார்! வீட்டிலும் வகுப்பிலும் அரசியலிலும் யாரும் யாருக்கும் காது கொடுக்காத காலத்தில், இன்னொருவர் சொன்னதைச் சொன்னபடி காப்பாற்றிக் கொடுக்கப் பழகுவது பெரிய கல்வி. அதைக் கற்றுத்தரப் பூந்தமல்லியில் ஆள் இருக்கிறார்கள். கல்லூரிகள் முதலில் போய் அவர்கள் கதவைத் தட்ட வேண்டும்.